ஈர்க்குச்சியில் ஒரு சொட்டு

பேரனுக்குச் சளி பிடித்து மூன்று நாளாகிறது, மூக்கு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடுகிறான், ராத்திரி பத்து மணிக்கு மகள் ஒரு வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, பிளக்கைச் சொருகி, தண்ணீர் ஊற்றி, ஒரு சின்னக் குப்பியிலிருந்து நாலைந்து சொட்டு விட்டாள், டப்பாவுக்குள் நீல விளக்கு எரிந்தது, உச்சியிலிருந்து மெல்லிய ஆவி ஒன்று, சூடே இல்லாத ஆவி, சுருண்டு கிளம்பியது. டிஃப்யூசராம். குப்பியை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன், முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் தமிழில் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று போட்டிருந்தது. ரேஷன் கடையில் பாமாயிலுக்கும் துவரம்பருப்புக்கும் சொல்கிற அதே அத்தியாவசியம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் எசன்ஸிலிருந்து வந்தது, சாரம் என்று பொருள், இல்லாவிட்டால் குடி முழுகிப்போகும் என்று பொருளில்லை, மொழிபெயர்த்த புண்ணியவானுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்டது அதுதான் போலிருக்கிறது. அதற்குக் கீழே ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று இன்னொரு வரி. சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து முகர்ந்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மேட்டுப்பாளையத்தில் பவானிக்கரையை ஒட்டி இருந்தது அம்மாயி வீடு, அம்மாவைப் பெற்றவளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம், பக்கத்துத் தோப்பின் பாக்கு மரக் குளிர்ச்சியும், மண்டியில் இறக்கிப் போட்டிருக்கும் ஊட்டிக் கிழங்கு மூட்டைகளின் ஈரமண் வாசமும் எந்நேரமும் வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருக்கும், கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வழியாக விழும் வெயில் காலையில் நெல் மூட்டை மேலும் மத்தியானம் ஆட்டுக்கல் மேலும் நிற்கும், அதை வைத்தே அம்மாயி மணி சொல்லுவாள். அந்த வெயில் எட்டாத ஒரு மாடக்குழியில், பழைய செய்தித்தாளில் சுற்றி, தக்கையை நூல் போட்டுக் கட்டி, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். நீலகிரித் தைலம். கட்டின நூலையும் மீறி அந்த மூலையில் மட்டும் காற்று கொஞ்சம் வேறாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாலும் மாடக்குழி வந்துவிட்டது என்று எங்களால் சொல்ல முடியும்.

சளி பிடித்தால் முதலில் ஓமம், அடுத்தது கற்பூரவல்லி, மூன்றாம் நாளும் மூக்கு திறக்காவிட்டால்தான் குப்பி கீழே இறங்கும். விறகடுப்பில் வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் தளதளக்கும், அம்மாயி மூலையில் சாத்தியிருக்கும் ஈர்க்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, சேலைத் தலைப்பில் துடைத்து, தக்கையைப் பல்லால் கடித்து எடுத்து, குச்சி நுனியை உள்ளே முக்கித் தூக்குவாள், தூக்கின உடனே அது விழாது, குச்சியோடு வழிந்து, நுனியில் திரண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, ஓட்டு வெளிச்சத்தில் ஒரு தரம் மின்னி, அப்புறம்தான் விழும். அதற்குள் என் தலைமேல் கம்பளி விழுந்திருக்கும், இருட்டு, வியர்வை, கம்பளியின் ஆட்டு வாசம், அத்தனையையும் கிழித்துக்கொண்டு மூக்கில் ஏறுகிற காரமான ஒரு குளிர்ச்சி, கண்ணில் நீர் கொட்டும், முகத்தை வெளியே எடுக்கலாம் என்றால் முதுகில் அம்மாயியின் கை அழுத்திக்கொண்டிருக்கும். இன்னொரு சொட்டு விடச் சொன்னால், "ஒரு சொட்டுதாங் கண்ணு மருந்து, ரெண்டாஞ் சொட்டு வெசம்" என்பாள். மிகைப்படுத்துகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன், சின்னப் பிள்ளைகள் அதை எடுத்துக் குடித்தால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று பின்னால் ஒரு டாக்டர் சொல்லித்தான் அந்த மாடக்குழியின் உயரம் எனக்குப் புரிந்தது.

குப்பி காலியானாலும் தூக்கிப் போடமாட்டாள், வெந்நீர் விட்டுக் குலுக்கி, அந்த நீரில் துணியை நனைத்து முழங்காலில் கட்டிக்கொள்வாள், அந்த வாசமும் போன பிறகு வெறும் குப்பியைத் தக்கையில்லாமல் டிரங்குப் பெட்டியில் கூறைச்சேலை மடிப்புக்குள் படுக்க வைப்பாள், பூச்சி அண்டாதாம். காய்ச்சல் காலத்தில் ஊட்டியிலிருந்து வந்த யூகலிப்டஸ் கொத்து ஒன்று நிலைப்படியில் வேப்பிலையோடு சேர்ந்து தொங்கும், மாரியாத்தாளுக்கு வேப்பிலை சரி, இது யாருக்கு என்று கேட்டால் அவளிடம் பதில் இருந்தது, மலையில் தவம் பண்ணிய சித்தர்கள் கண்டுபிடித்த மரம், அவர்கள் மூச்சுக்காற்றுதான் இலையில் இறங்கியிருக்கிறது என்பாள். நான் நம்பினேன். பத்து வயதில் அம்மாயி சொன்னால் நம்பாமல் இருக்க என்ன காரணம் இருந்தது.

மாமா கிழங்கு லாரி ஓட்டினார், போகும்போது அரிசியும் மளிகையும், வரும்போது கிழங்கும் முட்டைக்கோசும், எப்போதாவது ஒரு குப்பி தைலமும். ஒரு சித்திரை லீவில் என்னையும் ஏற்றிக்கொண்டார், கல்லாறு தாண்டி பர்லியாரில் பலாப்பழ வாசம், குன்னூரை நெருங்க நெருங்க தேயிலை வறுபடுகிற வாசம், அதன் பிறகு லாரியின் டீசல் நெடியையே அடித்துக்கொண்டு போகிற அம்மாயி வீட்டு மாடக்குழி வாசம், மலை முழுக்க, சாலைக்கு இரண்டு பக்கமும், பட்டை உரிந்து தொங்குகிற நெட்டை நெட்டை மரங்கள். அங்கே அதைக் கற்பூர மரம் என்றார்கள். இளங்கன்றில் இலை வட்டமாக, சாம்பல் பூத்த நீலத்தில், எதிரெதிராக ஒட்டிக்கொண்டிருந்தது, வளர்ந்த மரத்தில் அதே இலை அரிவாள் மாதிரி நீண்டு தொங்கியது, இரண்டும் ஒரே மரம் என்று மாமா சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை, கசக்கி முகர்ந்து பார்த்த பிறகுதான் விட்டேன்.

தைலம் காய்ச்சுகிற இடம் ஓர் ஓடைக்கரையில் இருந்தது, பனியில் பாதி தெரிந்தும் தெரியாமலும் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே மண்ணில் புதைத்த மாதிரி ஒரு பெரிய அண்டா, அதில் இலையை மூட்டை மூட்டையாகக் கொட்டி, காலால் மிதித்து அமுக்கி, தண்ணீர் விட்டு, மூடி போட்டு, மூடியின் விளிம்பில் சேறு குழைத்து அப்பியிருந்தார்கள், மூடியிலிருந்து கிளம்பிய குழாய் பக்கத்துத் தொட்டிக்குள் இறங்கி, ஓடைத் தண்ணீருக்குள் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு தகரக் குவளைக்கு மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் எரிந்ததும் இலைதான், முந்தின நாள் காய்ச்சிக் கொட்டி உலர்ந்த சக்கை. கொதிக்கிற தண்ணீரின் ஆவி இலைக்குள்ளிருக்கும் எண்ணெயையும் தன்னோடு கிளப்பிக்கொண்டு போகிறது, குளிர்ந்ததும் இரண்டும் பிரிந்து எண்ணெய் மேலே மிதக்கிறது, அவ்வளவுதான் வித்தை, ஆனால் நூறு கிலோ இலையைக் கொட்டினால் ஒரு கிலோ எண்ணெய் தேறும், அதற்கு அரை நாள் அடுப்பை விட்டு நகரக் கூடாது. காய்ச்சுகிற பெரியவர் காதில் மப்ளர் சுற்றி, குத்துக்காலிட்டு, குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார், எப்பேர்ப்பட்ட வாசனை என்று நான் மூச்சை இழுத்து இழுத்து விட்டதைப் பார்த்துவிட்டு, "எனக்கு எங்க தம்பி தெரியுது, முப்பது வருசமாச்சு, இப்ப பீடி வாசமே தெரியறதில்லெ" என்றார். குவளையில் மிதந்ததைச் சின்ன அகப்பையால் ஒற்றி எடுத்து மாமா நீட்டிய குப்பியில் ஊற்றினார், ஊற்றி முடித்துக் கையைத் தன் தலையிலேயே தேய்த்துக்கொண்டார்.

அந்த மரத்தின் பிறந்த ஊர் நீலகிரி இல்லை என்று எனக்குத் தெரிய இன்னும் இருபது வருஷம் ஆயிற்று. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியாத் தீவிலும் அதை ஒட்டிய கரையிலும் வளர்ந்த மரம், 1843-ல் மதராஸ் இன்ஜினியர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் நீலகிரியில் முதன்முதலாக நட்டாராம், 1856 வாக்கில் அரசாங்கமே தோட்டம் தோட்டமாகப் போட்டிருக்கிறது, மருந்துக்காக ஒன்றுமில்லை, விறகுக்காக, பங்களாக்களின் கணப்பும் பட்டாளத்துச் சமையலறையும் சோலைக்காடுகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன, சீக்கிரம் வளருகிற ஏதாவதொன்று வேண்டியிருந்தது. எண்ணெய் பின்னால் வந்த யோசனை, அதற்கும் முன்னோடி மெல்பர்ன் பக்கம் ஜோசப் பொசிஸ்டோ என்கிற மருந்துக்கடைக்காரர், ஃபெர்டினாண்ட் வான் முல்லர் என்கிற தாவர அறிஞர் தூண்டிவிட 1850-களில் காய்ச்சி விற்க ஆரம்பித்தவர். 1870-ல் பிரான்சில் க்ளோயே என்கிற வேதியியலாளர் அந்த எண்ணெயின் முக்கியச் சரக்கைத் தனியே பிரித்து யூகலிப்டால் என்று பெயர் வைத்தார், இப்போது சினியோல் என்கிறார்கள், அம்மாயியின் மாடக்குழியில் இருந்தது பெரும்பாலும் அதுதான். பாரம்பரியம் என்று ஒன்றைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் அது ஆஸ்திரேலியாவின் ஆதிகுடிகளுடையது, இலையை நசுக்கிப் புண்ணுக்கு வைத்ததும், பச்சைக் கொத்தைத் தீயில் போட்டு அந்தப் புகையில் மனிதர்களையும் இடத்தையும் தூய்மை செய்ததும் அவர்கள், அவர்களைக் கேட்டு யாரும் விதை எடுத்துக்கொண்டு வந்ததாகத் தெரியவில்லை.

படித்த அன்றைக்கு எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அம்மாயி 1900-ஐ ஒட்டிப் பிறந்தவள், அவளுடைய பாட்டிக்குப் பாட்டி சின்ன வயதில் அந்த மரத்தைக் கண்ணால் பார்த்திருக்க வழியில்லை, சித்தர்களை விடுங்கள். நிலைப்படியில் தொங்கிய கொத்து கூட உலகம் முழுக்கப் பரவிய ஒரு நம்பிக்கையின் கிளைதான், கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நம்பிய காலத்தில் இந்த வாசனை அந்தக் காற்றைத் துரத்தும் என்று ரோமாபுரிக்கு வெளியே ட்ரே ஃபொந்தானே மடத்துத் துறவிகள் சதுப்பு நிலத்தில் இதைத்தான் வரிசை வரிசையாக நட்டார்கள், அந்த மாதிரி இடங்களில் மலேரியா குறைந்தபோது வாசனைக்குப் புகழ் வந்தது, தாகம் பிடித்த மரம் சதுப்பை உறிஞ்சியதால் கொசு குறைந்தது என்பது 1897-ல் ரொனால்ட் ராஸ் கொசுவைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் யோசிக்கத் தோன்றியது. அதே தாகத்தைச் சொல்லித்தான் இன்றைக்கு அதை அந்நிய மரம், ஊற்றை வற்ற வைக்கிற மரம் என்று வெட்டச் சொல்கிறார்கள்.

கற்பூர மரம் என்கிற பெயரைக் கேட்டுவிட்டு வந்து சொன்னபோது அம்மாயிக்கு ஆச்சரியமே இல்லை, பின்னே, கோயிலுக்குக் கற்பூரம் அங்கேயிருந்துதானே வருகிறது என்றாள். காரமடை அரங்கநாதர் கோயிலுக்கு நடந்தே கூட்டிப்போவாள், மாசித் தேரின்போது தாசர்களின் சங்கும் சேகண்டியும் காதை அடைக்கும், எனக்கு ஞாபகம் இருப்பது அதைவிட உள்ளங்கையில் விழுகிற தீர்த்தம், துளசியும் பச்சைக் கற்பூரமும் கலந்து, தொண்டைக்குள் இறங்கும்போது குளிர்ந்து மூக்கு வழியாக ஏறி வரும், மிச்ச ஈரத்தை அம்மாயி தன் தலையில் தடவி என் தலையிலும் தடவுவாள், அந்தத் தைலக்காரப் பெரியவர் செய்த மாதிரியே. கம்பளிக்குள் ஏறுவதும் தீர்த்தத்தில் ஏறுவதும் ஒரே வாசனையின் அண்ணன் தம்பி என்று அப்போதே பட்டது, ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று சாமிக்கு, இரண்டுக்கும் ஒரே மூக்குதான். ஆனால் பெயரைத் தவிர யூகலிப்டஸுக்கும் கற்பூரத்துக்கும் உறவில்லை, யூகலிப்டஸ் நாவல் மரத்துக்கும் கொய்யாவுக்கும் சொந்தம், கற்பூரம் எடுக்கிற மரம் லவங்கப்பட்டைக்குச் சொந்தம், கோயிலில் இன்று கொளுத்துகிற வில்லை அனேகமாக பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்தது.

அதற்கெல்லாம் முந்தின கற்பூரம் எது என்பது ஜகார்த்தாவில் தெரிந்தது, 2009 வாக்கில், மாப்பிள்ளை வேலை நிமித்தமாக மகள் அங்கே இருந்தாள், பேத்தி அப்போது கைக்குழந்தை. வீட்டு வேலைக்கு வந்த ஜாவாக்கார அம்மாள், குழந்தை அழுதால் 'மாசுக் ஆங்கின்' என்பாள், காற்று உள்ளே புகுந்துவிட்டதாம், நம் ஊரில் வாய்வு என்று வயிற்றைத் தட்டிப் பார்க்கிற கிழவிகளின் அதே முகபாவம், உடனே ஒரு பச்சைநிற எண்ணெயை உள்ளங்கையில் ஒரு பொட்டு விட்டுத் தேய்த்துச் சூடாக்கி, குழந்தையின் வயிற்றிலும் உள்ளங்காலிலும் தடவுவாள். முதல் நாள் அவள் மூடியைத் திறந்தபோது நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், எழுந்து சமையலறை வரை போய்விட்டேன், அங்கே யாரைத் தேடினேன் என்று தெரியவில்லை. காயு பூத்தி எண்ணெய், வெள்ளை மரம் என்று அர்த்தமாம், மலுக்குத் தீவுகளின் சரக்கு, யூகலிப்டஸின் பங்காளி மரம், அதிலும் சினியோல்தான். அந்த ஊர் பஸ்ஸில் ஏறினால் ஏதாவதொரு கிழவியின் கைப்பையிலிருந்து அது மணக்கும்.

அங்கே தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் லோபு துவா என்கிற இடத்தில் 1873-ல் கிடைத்தது, தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்கிற வணிகக் குழு வெட்டி வைத்தது, கப்பலில் வருகிறவர்கள் கஸ்தூரி விலையைக் கணக்காக வைத்துப் பொன்னாகச் செலுத்திவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று சொல்கிறது. ஏலக்காய்க்கோ யானைக்கோ அவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, பாருஸ் காட்டில் ஓங்கி வளர்ந்த மரங்களைப் பிளந்தால் நடுவில் படிகமாக உறைந்திருக்கும் கற்பூரத்துக்காகப் போனார்கள், அரபு வணிகர்களும் சீனர்களும் தேடி வந்து பொன்னுக்கு நிகராக விலை பேசிய சரக்கு அது. மரத்தை வெட்டினால்தான் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியும், பல மரங்களில் ஒன்றும் இருக்காது. அன்று சாயங்காலம் மகளோடு கடைக்குப் போனேன், பீரோவில் போடுகிற பூச்சி உருண்டைப் பாக்கெட்டில் 'காப்பூர் பாருஸ்' என்று அச்சிட்டிருந்தது, இன்றைக்கும் அங்கே நாப்தலினுக்கு அதுதான் பெயர். கூறைச்சேலை மடிப்பில் வெறும் குப்பியைப் படுக்க வைத்தவள் அதைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு குப்பியைத் திருப்பினால் அடியில் பொடி எழுத்தில் சீனாவில் தயாரானது என்று இருந்தது. அங்கிருந்து யூகலிப்டஸ் எண்ணெய் என்று வருவதில் ஒரு பகுதி கற்பூர மர வகை இலைகளிலிருந்து சினியோலைப் பிரித்து எடுப்பது, ஊட்டியில் யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்றார்கள், இப்போது கற்பூர மரம் யூகலிப்டஸ் என்கிற பேரில் வந்து சேருகிறது, மூக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. அரோமாதெரபி என்கிற சொல்லும் கிழக்கத்தி ஞானம் ஒன்றுமில்லை, கட்டஃபோஸே என்கிற பிரெஞ்சு வேதியியலாளர், ஆய்வகத்தில் கை வெந்து லாவெண்டர் எண்ணெயில் ஆறியதாகச் சொன்னவர், 1937-ல் புத்தகத்துக்கு வைத்த பெயர். ஐயாயிரம் ஆண்டு என்று அச்சடித்தவனைத் திட்டலாம் என்றுதான் எழுந்தேன், ஆனால் சித்தர் மூச்சு என்று சொன்னவளை நான் திட்டினதில்லை, அவளும் நேற்று வந்த சரக்கைத்தான் ஆதிகாலத்தது ஆக்கி என் மூக்கில் ஏற்றினாள். அவள் ஏற்றினது வேலை செய்தது, இது பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மூஞ்சியில் ஒற்றின மாதிரி இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

பேரன் புரண்டு புரண்டு படுத்தான். சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்துவிட்டு ஈர்க்குச்சி தேடினேன், பால்கனியில் இருந்தது பிளாஸ்டிக் விளக்குமாறு, இன்னொன்று ஏதோ நாராலான மாப். மகள் எழுந்து வந்துவிட்டாள்.

"ஏனுங்கப்பா, இந்நேரத்துல என்னத்தைத் தேடறீங்க?"

"ஈர்க்குமாறு."

"எதுக்குங்க, காலையில ஆள் வந்து கூட்டுவாங்க."

ஊதுவத்தி எரிந்து முடிந்த குச்சி ஒன்று பூஜை அலமாரியில் கிடைத்தது, துடைத்துக் குப்பிக்குள் விடப் பார்த்தால் வாயில் பிளாஸ்டிக் அடைப்பு, சாய்த்தால் தானாகவே அளந்து சொட்டு விடுகிற ஏற்பாடு, குச்சி நுழையவில்லை. பாத்திரத்தின் மேல் சாய்த்தேன், ஒன்று விழுந்தது, திரளவும் இல்லை, மின்னவும் இல்லை, வழுக்கி விழுந்தது, இரண்டாவது வருவதற்குள் நிமிர்த்திவிட்டேன். போர்வையைப் போட்டு அவனை உட்கார வைத்தால் அரை நிமிஷம் தாங்கவில்லை, கண் எரிகிறது என்று உதறிவிட்டு வெளியே வந்துவிட்டான், என் கையும் அவன் முதுகை அழுத்தத் துணியவில்லை, மூக்கு மட்டும் ஒரு பக்கம் திறந்திருந்தது.

"தாத்தா, அந்த நீல லைட்டைப் போடுங்க, அதான் நல்ல வாசனை."

டப்பா தானாகவே அணைந்து போயிருந்தது, தண்ணீர் தீர்ந்தால் அப்படியாம். தண்ணீர் ஊற்றினேன், குப்பியைச் சாய்த்து ஒரே ஒரு சொட்டு விட்டேன், இன்னும் நாலு விடணும் என்று அவன் எண்ணிக் காட்டினான், போதும் என்றேன், ஏன் என்று கேட்டான், சொல்ல வாயெடுப்பதற்குள் நீல வெளிச்சத்தில் கிளம்பிய புகையைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான், விரலில் ஒட்டியிருந்ததைத் தலையில் தேய்த்துக்கொண்டு விளக்கு அணைகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.